பாலுக்குள் போட்ட திறப்பு

அன்று காலை அவர் என்னிடம் ஒரு கிளாஸ் பால் கேட்டார். குடிப்பதற்கல்ல, அலுமாரிப் பூட்டின் திறப்பை அதற்குள் போடுவதற்கு.

பேக்கரிப் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. சீனி கூப்பனுக்கு மட்டும் வரும். கடையில் பற்றறி கிடையாது. பால்மா டின்னைக் கண்டவர்கள் அதைக் கதையாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டுப் பசு மட்டும் நாட்டு நடப்புத் தெரியாமல் கறந்துகொண்டிருந்தது. அந்தப் பாலில் ஒரு கிளாஸை எடுத்துத் திறப்பைக் குளிப்பாட்டுகிறவனுக்கு வேறு வீடுகளில் விசரன் என்று பெயர். என் வீட்டில் பௌதிக மாஸ்டர் என்று பெயர்.

பஞ்சலிங்கம் மாஸ்டர் என் கணவர். சுன்னாகத்தை அடுத்த எங்கள் ஊரில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. அவர் சொல்வது விளங்கியவர்களும் இல்லை. யன்னலைச் சாத்திவிட்டு, கிளாஸுக்குப் பின்னால் ரோச் விளக்கைப் பிடித்தார். பால் முழுவதும் மெல்ல ஒளிர்ந்தது.

“தெரியுதோ?”

“பால் தெரியுது.”

“திறப்பு?”

“உங்கடை கையிலை இருக்குமட்டும் தெரிஞ்சது.”

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். வரும் சனிக்கிழமை வாசிகசாலையில் அவர் பேசவிருந்தார். ‘வெளிச்சத்தால் உடம்பினுள் பார்க்கலாமா?’ என்பது தலைப்பு. ஊர் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. அது வேறு விஷயம்.

“பால் வெளிச்சத்தை மறிக்கேல்லை, பராசக்தி. அலைக்கழிக்குது. அங்கை இங்கை திருப்பி விடுது. எங்கடை தசையும் உப்பிடித்தான். இருட்டில்லை, கலங்கல்.” அவருக்குக் குரல் ஏறிவிட்டது. “சந்தையிலை இருந்து ஒரு செய்தி வெளிக்கிடுது எண்டு வையும். ஒருத்தன் நேர வாறான். மற்றவன் படலைக்குப் படலை நிண்டு கதைச்சுக் கதைச்சு வாறான். நேர வாறவன் முதல் வந்திடுவான், என்ன? அவன் சொல்லுறதிலைதான் உண்மை கிடக்கும். அவன் வந்த கையோடை கதவைச் சாத்திப்போட்டமெண்டால், பாலுக்குள்ளை திறப்பு வடிவாய்த் தெரியும்.”

“ஆர் சாத்திறது?”

“அதுதான் பிரச்சினை. வெளிச்சம் வாற வேகத்துக்குச் சாத்தக்கூடிய கதவு வேணும். அமெரிக்காவிலை அப்பிடி ஒண்டு செய்து பாக்கிறாங்களாம்.”

“இஞ்சை எங்கடை வாசல் படலைக்கே கொண்டி இல்லை.”

அவர் சிரித்துவிட்டு வெளியே போனார். நான் திறப்பை எடுத்துத் துடைத்து அலுமாரியில் மாட்டிவிட்டு, அந்தப் பாலையே காய்ச்சித் தேநீரில் விட்டேன். வந்து குடித்தவர், “இண்டைக்குத் தேத்தண்ணி நல்லாயிருக்கு” என்றார். பித்தளையின் ருசி அவருக்குப் பிடித்திருந்தது போலும்.

பிறகு வேலி அடைக்கப் போனார்.

வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வளவின் கிழக்கு வேலிக்கு அப்பால் ஆழ்வாப்பிள்ளையின் வெங்காயத் தோட்டம். வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராமல் போனதும் அவருக்கு வாழ்வு வந்தது. கல்வீடு, கார், வாய் எல்லாம் ஒரே போகத்தில் பெரிதாகின. வாய் முன்பும் சிறியதல்ல. வேலியின் நடுவில், எல்லைக் கம்பாக நட்ட ஒரு பூவரசங் கதியால் நிற்கிறது. அதை அவர் இரவோடிரவாகப் பிடுங்கி எங்கள் பக்கம் ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார் என்பது எங்கள் வழக்கு. நாங்கள்தான் அவர் பக்கம் தள்ளினோம் என்பது அவர் வழக்கு. வேர்விட்டு நிற்கும் அந்தக் கதியாலை யாரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கை நடத்தியவர் என் கணவரின் தமையனார் சண்முகநாதன். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். கொழும்புக் கந்தோர் ஒன்றில் தலைமைக் கிளாக்கராக இருந்து பென்ஷனுக்கு வந்தவர். கோப்பு இல்லாமல் மூச்சு விடுவது அவருக்குக் கடினமாக இருந்தது. இந்த வழக்கு அவரைக் காப்பாற்றியது.

“வேலியை ஆர் அடைக்கிறானோ அவனுக்குத்தான் வேலி” என்பது பெரியத்தானின் சட்டம். கூலிக்கு ஆள் பிடித்து அடைத்தால் நாளைக்கு எதிராளி அந்த ஆளை வாங்கிவிடுவானாம். காணிக்குரிய உரித்தாளியே தன் கையால், சாட்சிக்கு முன்னால் அடைக்க வேண்டும். உரித்தாளி என் கணவர். சாட்சி, ஓய்வுபெற்ற ஸ்ரேஷன் மாஸ்டரும் வாசிகசாலைத் தலைவருமான முத்துக்குமாரு. அவருக்கு ஒரு கதிரை போட்டுக் கொடுத்தோம். வாழ்நாளில் வேலி கட்டியறியாத ஒரு மனிதர் பனங் காவோலையோடும் கருக்குமட்டையோடும் மல்லுக்கட்டுவதை, ரயில் பிந்தி வருவதைப் பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மட்டையை இழுத்துக் கட்டும்போது நார் வழுக்கியது. மட்டை விண் என்று திரும்பி வந்து அவர் வலக்கையில், பெருவிரலின் அடிச் சதையில் ஏறியது. நான் ஓடிப் போவதற்குள் அவரே பிடுங்கிவிட்டார். மட்டையிலிருந்து ஊசியாகப் பிளந்து வந்த, இரத்தம் தோய்ந்த ஒரு சிலாம்பு கையில் இருந்தது.

“வந்திட்டுது” என்றார்.

வேலிக்கு அப்பால் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த ஆழ்வாப்பிள்ளையின் குரல் உடனே வந்தது.

“வாத்தியார், புடுங்கினது அரைவாசிதான். மற்றது உள்ளுக்கை நிக்குது. மட்டையின்ரை முறிஞ்ச பக்கம் எங்கடை பக்கத்திலை நீட்டிக்கொண்டு நிக்குது, நான் பாத்தனான், ஒரு விரல் நீளம் காணேல்லை. எல்லையைத்தான் அளக்கத் தெரியாது எண்டால், கையிலை ஏறினதையுமோ அளக்கத் தெரியாது?”

என் கணவர் கையிலிருந்த சிலாம்பைப் பார்த்தார். அது அரை விரல் இருக்கும். வாயைத் திறந்தார்.

“தம்பி, பேசாதை” என்றார் பெரியத்தான். “அவன் கதை புடுங்கிறான். எங்கடை வேலி மட்டையை அவனேன் பாக்கிறான்? எந்த உரித்திலை பாக்கிறான்? முத்துக்குமாரு, இதைக் குறிச்சுக்கொள்ளும்.”

முத்துக்குமாரு குறித்துக்கொண்டார். இரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

சந்தியில் சந்தியோகுவின் டிஸ்பென்சரி இருந்தது. சந்தியோகு முன்பு எங்கோ மருந்து கலந்தவர். இப்போது எங்களுக்கு டாக்குத்தர். காயத்தைக் கழுவி, தூளைத் தூவி, வெள்ளைச் சீலை சுற்றினார்.

“குத்தினது இரும்போ?” என்று கேட்டார்.

“இல்லை, பனைமட்டை.”

“அப்ப ஏற்புவலி ஊசி தேவையில்லை. இரும்பெண்டால்தான் போடுறது.”

“பனை கற்பகதருவெல்லோ” என்றார் பெரியத்தான். “கற்பகதருவிலை நஞ்சு இருக்குமோ?”

இருவரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டார்கள். ஒருவர் கிறிஸ்தவ வேதக்காரர், மற்றவர் சைவக்காரர். பனையில் மட்டும் ஒற்றுமை.

“உள்ளுக்கை ஏதும் நிக்குதோ எண்டு ஒருக்கால் வெட்டிப் பாக்கேலாதோ?” என்று நான் கேட்டேன்.

“எங்கை எண்டு வெட்டுறது? கண்ணுக்குத் தெரியாததைத் தேடி வெட்டினால் நரம்பு போயிடும். கை போனால் மாஸ்டர் கரும்பலகையிலை என்னத்தாலை எழுதுறது? படம் எடுத்துக்கொண்டு வாருங்கோ. படத்திலை நிண்டால் வெட்டுவம்.”

கை வீங்கியது. படம் எடுக்கப் பட்டினத்துக்குப் போனோம். தனியார் இடம், பெயர் எதற்கு. திரும்பி வரும்போது பெரியத்தான் பஸ்ஸில் யன்னலோரம் இருந்துகொண்டு படத்தை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். தம்பியின் ஐந்து விரல் எலும்பையும் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் கண்டுகளித்தார்கள். கொண்டக்டர் காசு வாங்க மறந்து நின்று பார்த்தான்.

“ஒண்டுமில்லை” என்றார் பெரியத்தான். “வெள்ளையாய் எலும்பு. வேறை ஒண்டுமில்லை. ஆழ்வாப்பிள்ளை புளுகினது வெளிச்சமாய்ப் போச்சு.”

“அண்ணை, எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டும், இரும்பைக் காட்டும். ஊறின மட்டைச் சிலாம்பை அதுக்குத் தசையிலை இருந்து பிரிச்சுப் பாக்கத் தெரியாது. இரண்டும் அதுக்கு ஒண்டுதான்.”

“அப்ப பட்டினத்து டாக்குத்தருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ?”

“எனக்கும் தெரியாது. ஐமிச்சம்தான். வேறை விதமாய்ப் பாக்கவேணும்.”

“படத்திலை இல்லாத சாமான் கையிலை இல்லை” என்று பெரியத்தான் தீர்ப்புச் சொன்னார். சந்தியோகுவும் அதையே சொன்னார். படம் எங்கள் வீட்டு விறாந்தையில், சுவாமி படங்களுக்குக் கீழே, உறையோடு சாத்தி வைக்கப்பட்டது. வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்ட வசதியாக.

அடுத்து வந்ததுதான் வேடிக்கை. என் கணவர் சாமானறையில் யன்னலுக்குச் சாக்குக் கட்டி, மத்தியானத்தில் இருட்டை உண்டாக்கினார். எங்கள் ரோச்சின் இரண்டு பற்றறிகளும் உயிர் போனவை. அந்த நாட்களில் ஊரெல்லாம் செய்ததுபோல நானும் அவற்றை மிளகாயோடு வெயிலில் காயவைத்து எடுத்துக் கொடுப்பேன். ஒரு காய்ச்சலுக்குக் கொஞ்ச நேரம் எரியும். சீலையை அவிழ்த்துவிட்டு, கையின் புறத்தில் ரோச்சின் முகத்தை அமர்த்திப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையைக் காட்டினார். கை சிவந்து ஒளிர்ந்தது. செவ்விளநீர்க் கோம்பைக்குள் விளக்கு வைத்தது போலிருந்தது.

“என்ன தெரியுது, பராசக்தி?”

“சிவப்பு.”

“பெருவிரலடியிலை?”

பார்த்தேன். ஒரு கறுப்பு இருந்தது. கீறு என்று சொல்ல முடியாது. ஈரத் துணியில் மை ஊறினதுபோல, ஓரமில்லாத கறுப்பு. சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்ததை அந்தச் சிவப்பு வெளிச்சத்திலே கண்டேன். வலி அவருக்கு மறந்துவிட்டது. “நிழல் இல்லை, பாரும். நிழலைப் பற்றின வதந்தி. உள்ளுக்கை நிக்கிறது நேரானதுதான். வாற வழியிலை தசை அதைக் கலைச்சுப்போட்டுது.” ரோச்சை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இடக்கையால் நீல மைப் பேனையை எடுத்து, அந்தக் கறுப்பைச் சுற்றி உள்ளங்கையில் ஒரு வட்டம் போட்டார்.

“அப்ப உதிலை வெட்டச் சொல்லுங்கோ.”

“சந்தியோகருக்கும் காட்டுவம். ரண்டு மூண்டு பேர் பாத்துச் சொன்னால் நல்லது.”

அங்கேதான் அவருடைய படிப்பு குறுக்கே வந்தது. ஒருவர் கண்டது போதாது. பலர் காண வேண்டுமாம். கண்டார்கள். சாமானறை கோயில் கர்ப்பக்கிருகம் போல ஆயிற்று. முத்துக்குமாரு குனிந்து பார்த்து, “நரம்பு” என்றார். சந்தியோகு, “சீழ் கட்டுது, மருந்துக்குக் கேக்கும்” என்றார். பால் வாங்க வந்த ஒரு கிழவி அந்தக் கறுப்பில் வேலாயுதத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடைசியாகப் பெரியத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“எலும்பு எங்கை?” என்றார்.

“எலும்பு தெரியாது, அண்ணை. வெளிச்சம் எலும்பைச் சுத்தியும் கலங்கி வாறதாலை...”

“ஐந்து விரல் எலும்பையும் காட்டாத வெளிச்சம் ஈர்க்குச் சிலாம்பைக் காட்டுமோ? கதைக்கிறாய்.”

என் கணவர் யோசித்தார். அவரிடம் இருந்த கெட்ட பழக்கம் அது. எதிரில் நிற்கிறவன் முட்டாளாக இருந்தாலும் கேள்வி நல்லதாக இருந்தால் யோசிப்பார். “கேள்வி சரிதான்” என்றார். “நரம்பாயும் இருக்கலாம். பற்றறி இன்னும் கொஞ்சம் பிரகாசமாய் இருந்தால் நிச்சயமாய்ச் சொல்லலாம்.”

எங்கள் ஊரில் வேலி பார்வையை மறிக்கும், பேச்சை மறிக்காது. மறுநாள் நான் உடுப்புக் காயப் போடும்போது ஆழ்வாப்பிள்ளை அப்பாலிருந்து கூப்பிட்டார்.

“தங்கச்சி, உந்த மின்மினியாலை என்னத்தைப் பாக்கிறியள்? என்னட்டை அஞ்சு பற்றறி ரோச் கிடக்கு, வெங்காயக் கள்ளருக்கெண்டு வாங்கினது. புதுப் பற்றறி. வேலிக்கு மேலாலை தாறன். வாத்தியாரை வடிவாய்ப் பாக்கச் சொல்லு. அந்தச் சிலாம்பு அங்கைதான் நிக்குது, நான் பொய் சொல்லேல்லை. பொய் சொல்லுறது வழக்குப் பேசுற கோட்டிலைதான்.”

ரோச் வேலிக்கு மேலே வந்தது. கையளவு மொத்தம், வெள்ளித் தகடு, வெயிலில் மின்னியது. நான் கையை நீட்டினேன்.

“பராசக்தி.” விறாந்தையிலிருந்து பெரியத்தான். “வாங்கினாயெண்டால் நாளைக்கு அவன்ரை பிறக்கிராசி கோட்டிலை கேப்பான், வேலியாலை கொடுக்கல் வாங்கல் இருந்ததோ எண்டு. ஓம் எண்டால் வழக்குத் தோத்தது. பேந்து அவன் வேலியை வெட்டிப் படலை வைப்பான்.”

“கை வீங்கிக் கிடக்கு, பெரியத்தான்.”

“கை வீக்கம் மாறும். வேலி மாறினால் மாறினதுதான்.”

நான் அதற்கும் கையை மடக்கவில்லை. ஆனால் ஆழ்வாப்பிள்ளைக்கு ரோசம் வந்துவிட்டது. “கள்ளன் குடுத்த வெளிச்சம் எண்டு தீட்டுப் பாக்கினமாக்கும்” என்றார். ரோச் காற்றிலே சற்று நின்று, வந்த வழியே திரும்பிப் போனது.

என் கணவரிடம் போய்ச் சொன்னேன். நான் போய்க் கேட்டு வாங்கிவரட்டுமா என்றும் கேட்டேன். அவர் ஒரு விஞ்ஞானிக்குரிய நிதானத்தோடு பதில் சொன்னார்.

“பிரகாசம் கூடினால் எல்லாம் தெரிஞ்சிடும் எண்டில்லை, பராசக்தி. பாலுக்குப் பின்னாலை சூரியனைப் பிடிச்சாலும் பால் பால்தான். கலங்கலும் சேந்துதான் கூடும்.”

முதல்நாள் பிரகாசமான பற்றறி வேண்டும் என்றவர் இவர்தான். அது தமையனாருக்குப் பதில் சொல்ல. இது வேலிக்கு மேலே கை நீட்டாமலிருக்க. இரண்டும் பௌதிகம்தான். எதிராளியின் ரோச் என்று வந்ததும் எந்தப் பக்கத்தை விரிப்பது என்று பாடப் புத்தகத்துக்கே தெரிந்துவிடுகிறது.

வீக்கம் தானாகவே கொஞ்சம் இறங்கியது. “படம் எடுத்த கையோடை இறங்கீட்டுது, பாத்தியோ” என்றார் பெரியத்தான். படம் எடுத்தால் வருத்தம் மாறும் என்று அவர் நினைத்திருந்தார். இப்போது ஊரும் நினைத்தது.

சனிக்கிழமை காலை புட்டைப் பிசைந்தவர் வாய்க்குள் வைக்கச் சிரமப்பட்டார்.

“தாடை இறுகிக் கிடக்கு” என்றார்.

“பேச்சை நினைச்சுப் பயம்” என்றார் பெரியத்தான். “மேடை எண்டால் எனக்கும் கந்தோரிலை உப்பிடித்தான்.”

நான் அவரைச் சந்தியோகுவிடம் போகச் சொன்னேன். பின்னேரம் பேச்சு முடிந்து போகலாம் என்றார். நான் பாலைக் காய்ச்சாமல் போத்தலில் விட்டுக் கொடுத்தேன். திறப்பையும் கொடுத்தேன். பின்னேரம் வாசிகசாலையில் நல்ல கூட்டம். பேச்சுக்காக அல்ல, அந்தக் கையைப் பார்க்க.

மேசையில் பாலும் ரோச்சும் வைத்துவிட்டு அவர் எழுந்து நின்றார். சில வசனங்கள் பேசினார். பல்லுக்கு நடுவால் பேசியதால் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு அவர் சிரித்தார். சிரித்தபடியே நின்றார். உதடு இரண்டு பக்கமும் இழுபட்டு, புருவம் உயர்ந்து, வாழ்நாளில் நான் அவர் முகத்தில் காணாத ஒரு நக்கல். முன்வரிசையில் ஆட்கள் அசைந்தார்கள்.

“மாஸ்டர் என்ன, எங்களைப் பாத்துச் சிரிக்கிறார்?”

“விளங்காத சனத்தைப் பாத்துச் சிரிக்காமல் அழுறதோ?”

“படிச்ச திமிர்.”

தலைவர் முத்துக்குமாருவுக்கு முகம் கறுத்தது. “மாஸ்டர், சபைக்கு ஒரு மரியாதை இருக்கு” என்றார். அவர் மேலும் சிரித்தார். கண்கள் மட்டும் என்னைத் தேடின. அந்தக் கண்ணில் சிரிப்பு இல்லை. நான் எழுந்து போவதற்குள், பின்வரிசையிலிருந்து யாரோ பகிடிக்கு அவர் முகத்தில் ரோச்சை அடித்தான். அந்த வெளிச்சம் பட்டதும் அவர் உடம்பு வில்லாக வளைந்தது. கிளாஸ் கவிழ்ந்து பால் மேசையெல்லாம் ஓடித் திறப்பு வெளியே கிடந்தது.

“அது சிரிப்பில்லை” என்று சந்தியோகு மெதுவாகச் சொன்னார். “ஏற்புவலி.”

ஊரில் நின்ற ஒரே கார் ஆழ்வாப்பிள்ளையுடையது. அவரும் பேச்சுக் கேட்க வந்து வாசலில் நின்றவர். யாரும் கேட்கவில்லை, கொண்டுவந்து விட்டார். என் மடியில் தலையோடு பின் இருக்கையில் கிடத்தினோம். பெரியத்தான் முன் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்தும் முன் முத்துக்குமாருவைப் பார்த்துச் சொன்னார்:

“இந்தப் பயணம் வழக்குக்குப் பாதகமில்லாமல். குறிச்சுக்கொள்ளும்.”

ஆழ்வாப்பிள்ளை காரை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசல்வரை வேகத்தைக் குறைக்கவில்லை. அந்த வாய் அவ்வளவு நேரம் மூடியிருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

ஆஸ்பத்திரியில் அவரை இருட்டறையில் வைத்தார்கள். யன்னலுக்குக் கறுத்தச் சீலை. வெளிச்சம் பட்டால் வலிப்பு வருமாம். கதவு அடித்தாலும் வருமாம். வெளிச்சத்தைப் பற்றிப் பேசப் போன மனிதருக்குத் தீக்குச்சி தட்டவும் தடை. உள்ளே வந்த சின்ன டாக்குத்தர் கையைப் பார்த்து, “இதென்ன வட்டம்?” என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொண்டுபோய் அந்த வட்டத்துக்குள் வெட்டினார்கள். மீதி அரை விரல் நீளத்தில் கறுத்த சிலாம்பு வந்தது. அவ்வளவு நேராக, ஈர்க்குப் போல.

இடையில் ஒருமுறை வலிப்பு ஓய்ந்திருந்தபோது அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். பல்லைத் திறக்காமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“பராசக்தி... நேர வந்தது... ஆழ்வாப்பிள்ளை.”

“கதைக்காதேங்கோ.”

“மற்றதெல்லாம்... படலைக்குப் படலை.”

அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை. அப்போது அது அவருடைய உண்மையான சிரிப்பும் ஆகியிருக்கலாம். இருட்டில் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் விடிய அவர் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு ஊர் திரண்டு வந்தது. வந்தவர்கள் எல்லோரும் சாமானறையில் அந்தக் கையைத் தாங்கள்தான் முதலில் பார்த்ததாகவும், அப்போதே சிலாம்பு என்று சொன்னதாகவும் சொன்னார்கள். நரம்பு என்றவரும் சொன்னார். சீழ் என்றவரும் சொன்னார். விறாந்தையிலிருந்த படத்தை யாரோ எடுத்து மறைத்துவிட்டார்கள். குளிப்பாட்டும்போது பார்த்தேன்: ஆஸ்பத்திரித் தையலைச் சுற்றி நீல வட்டம் அழியாமல் இருந்தது. நல்ல மை.

ஆழ்வாப்பிள்ளை படலைக்கு வெளியே நின்றார். எதிராளி வீட்டுக்குள் வரலாமோ என்று பெரியத்தான் பிறக்கிராசியாரிடம் கேட்டுவர ஆள் அனுப்பியிருந்தார். ஆள் திரும்பி வருமுன் நான் எழுந்து போய்ப் படலையைத் திறந்தேன். அவர் உள்ளே வந்து கால்மாட்டில் நின்றார். சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வழக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் தந்த அந்தச் சிலாம்பைப் பெரியத்தான் மருந்துப் போத்தலில் போட்டு, விபரத் துண்டு ஒட்டி, கோட்டில் நீட்டினார். உரித்தாளி தன் கையால் வேலி அடைத்தான் என்பதற்கு அத்தாட்சியாம். கோட்டில் ஆழ்வாப்பிள்ளையைக் கேட்டார்கள்.

“ஓம். வாத்தியார்தான் அடைச்சவர்” என்றார். “நான் பாத்தனான். அண்டைக்கும் சொன்னனான்.”

தம்பியின் சிலாம்பு தனக்கு வெற்றி தந்துவிட்டது என்று பெரியத்தான் அன்று இரண்டு இட்டலி கூடச் சாப்பிட்டார். ஆனால் நீதிமன்றம், கதியால் அசைந்ததா இல்லையா என்று அளந்து வரச் சொல்லி ஒரு நில அளவைக்காரரை அனுப்பியது. அவர் சங்கிலியோடு வந்தார், பழைய காணி உறுதியோடும் வந்தார். பெரியத்தான் ஒரு முனையில் நின்றார், ஆழ்வாப்பிள்ளை மறுமுனையில் நின்றார், முத்துக்குமாருவுக்குக் கதிரை போட்டோம். நல்ல வெயில். கலங்கல் ஒன்றுமில்லை. அளந்து முடித்தவர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உதுக்கோ வழக்குப் பேசினனியள்?” என்றார்.

பெரியத்தான் காலமாகி வருடங்கள் ஆகின்றன. ஆழ்வாப்பிள்ளையின் தோட்டத்தை இப்போது மருமகன் பார்க்கிறான். ஒவ்வொரு வருடமும் அவனுடைய ஆட்கள் வேலியை அடைக்கிறார்கள். நான் அவர்களுக்குத் தேநீர் கொடுப்பேன். பூவரசங் கதியால் பெரிய மரமாகி, மஞ்சள் பூவை இரண்டு பக்கமும் ஒரேயளவாகக் கொட்டுகிறது. பாட்டன் காலத்து உறுதியில் சொன்ன இடத்திலேயே அது நிற்கிறது.